எண்ணிக்கைத் தரவு அளவுக்கு மீறிச் சிதறும்போது: வேகமான முறைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

எண்ணிக்கைத் தரவைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது குதிரை உதைதான். பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை 1898-இல் போர்ட்கீவிச் தன் புத்தகத்தில் தொகுத்தார். பாடநூல்கள் அதிலிருந்து எடுத்தாளும் பகுதி 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 வரிகள். மொத்தச் சாவு 122. சராசரி 0.61. பரவற்படியும், அதாவது பேச்சில் நாம் வேரியன்ஸ் என்று சொல்வதும், அதே 0.61. சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணிக்கைகளுக்கான அடிப்படைப் பரவலான பாய்சான் பரவலின் நிபந்தனை. குதிரைகள் அதைக் கச்சிதமாகக் காப்பாற்றின. நான் கையில் எடுத்த தரவு எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை.

நம் அன்றாடத்துக்கு நெருக்கமானது 1920-இல் கிரீன்வுட்டும் யூலும் வெளியிட்ட தரவு. வெடிகுண்டு ஷெல் தயாரிப்பில் வேலை செய்த 647 பெண்களுக்கு 5 வாரங்களில் எத்தனை விபத்து நேர்ந்தது என்ற கணக்கு அது. 447 பேருக்கு ஒன்றுமில்லை. 132 பேருக்கு 1, 42 பேருக்கு 2, 21 பேருக்கு 3, 3 பேருக்கு 4, 2 பேருக்கு 5. சராசரி 0.465, பரவற்படி 0.692. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இதைத்தான் மிகைச்சிதறல் என்கிறோம்.

இதைக் கண்டுகொள்ளாமல் பாய்சான் மாடலையே ஓட்டினால் கெழுக்கள், அதாவது ஒவ்வொரு மாறியின் விளைவையும் சொல்லும் எண்கள், பெரிதாகக் கெடாது. கெடுவது திட்டப் பிழை, அதாவது அந்தக் கெழுக்கள் எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு. சிதறல் ஒன்றரை மடங்கு என்றால் திட்டப் பிழை அதன் வர்க்கமூலம், அதாவது 1.22 மடங்கு, பெரிதாக வந்திருக்க வேண்டும். சிதறல் 9 மடங்கு என்றால் 3 மடங்கு. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் இல்லாத விளைவுகளெல்லாம் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியோடு வந்து நிற்கும்.

இதற்கு மருந்தாகப் பல முறைகள் இருக்கின்றன. எது வேகம் என்ற கேள்விதான் முதலில் வரும். என் அனுபவத்தில் அதைக் கடைசியில் கேட்பது நல்லது, ஏனென்றால் கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை சாதாரண அளவுத் தரவுக்குப் போதுமான வேகம் கொண்டவைதான். முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. சராசரி ஏற ஏறப் பரவற்படி எப்படி ஏறுகிறது? நமக்கு வேண்டியது சராசரியைப் பற்றிய பதிலா, முழுப் பரவலைப் பற்றிய பதிலா? இந்த இரண்டும் தெளிவானால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

படி 1: சிதறலை அளப்பது

முதலில் சாதாரண பாய்சான் மாடல் ஒன்றைப் பொருத்துங்கள். ஒவ்வொரு வரிக்கும் கண்ட எண்ணிக்கையிலிருந்து மாடல் சொன்ன சராசரியைக் கழித்து, வர்க்கப்படுத்தி, அந்தச் சராசரியால் வகுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, வரிகளின் எண்ணிக்கையிலிருந்து கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்து வருவதால் வகுத்தால் கிடைப்பது பியர்சன் சிதறல் கெழு. வழக்கமாக இதை ஃபை என்று எழுதுவார்கள். 1-ஐ ஒட்டி இருந்தால் பாய்சான் போதும்.

ஷெல் தொழிலாளர் தரவில் மாறிகள் ஏதுமில்லாத மாடலுக்கு இதைக் கையாலேயே போடலாம். எண்ணிக்கைகளின் கூட்டல் 301, வர்க்கங்களின் கூட்டல் 587. 587-ஐ 0.4652-ஆல் வகுத்து 301-ஐக் கழித்தால் 960.8 வருகிறது. 646-ஆல் வகுத்தால் 1.49.

பல மென்பொருள்கள் இதோடு டீவியன்ஸ் என்ற இன்னொரு விலகல் அளவையும் அச்சிடும். அதை வைத்துச் சிதறலை மதிப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். இதே தரவில் டீவியன்ஸ் 781, அதை 646-ஆல் வகுத்தால் 1.21. நிஜத்தில் ஒன்றரை மடங்கு இருப்பதை அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று மட்டும் சொல்கிறது. சராசரி இன்னும் சிறிதானால் நிலைமை மோசம். சராசரி 0.05 என்றால், துளியும் மிகைச்சிதறல் இல்லாத சுத்தமான பாய்சான் தரவிலேயே இந்த விகிதம் 0.3 அளவில்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு “சிதறல் குறைவாக இருக்கிறது” என்று எழுதினால் தப்பு நம் மேல்தான். பூஜ்யங்கள் நிறைந்த தரவுக்குப் பியர்சன் கணக்கையே எடுங்கள்.

படி 2: சிதறல் தரவுடையதா, நம் கைத்தவறா

ஃபை 1-க்கு மேல் வந்தவுடன் முறை மாற்றப் பாயக் கூடாது. மாடலில் எதையோ விட்டுவிட்டாலும் அது சிதறலாகத்தான் தெரியும்.

ஒருமுறை ஒரு வேலையில் ஃபை இரட்டை இலக்கத்தில் வந்தது. அரை நாள் எதிர்மறை ஈருறுப்பு, கலப்பு மாடல் என்று மிகைச்சிதறலுக்கான வேறு மாடல்களில் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் சில வரிகள் ஒரு மாதத்தின் எண்ணிக்கை, சில வரிகள் முழு ஆண்டின் எண்ணிக்கை. கவனித்த கால அளவை மாடலுக்குச் சொல்லவே இல்லை. கால அளவின் மடக்கையை ஆஃப்செட்டாக, அதாவது கெழு 1 என்று நிலைநிறுத்திய மாறியாக, சேர்த்ததும் பாதிக்கு மேல் சிதறல் காணாமல் போனது. மீதி இருந்ததுதான் நிஜமான சிதறல்.

எனவே ஆஃப்செட் இருக்கிறதா, முக்கியமான மாறி ஏதும் விடுபட்டிருக்கிறதா, வளைவான உறவை நேர்கோடாகப் போட்டிருக்கிறோமா, ஒரே ஒரு ராட்சத எண் மொத்தக் கணக்கையும் இழுக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைச் சோதிப்பது சுலபம். பியர்சன் கூட்டலில் மிகப் பெரிய பங்கு தரும் ஐந்து வரிகளைக் கண்ணால் பாருங்கள். கூட்டலில் பாதியை ஒரே வரி தருகிறது என்றால் பிரச்சினை பரவலில் இல்லை, அந்த வரியில்தான்.

படி 3: பரவற்படி எப்படி வளர்கிறது

முறைகளைப் பிரித்துக்காட்டும் இடம் இதுதான். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பரவற்படி வளர இரண்டு வழிகள் வழக்கமாகப் பேசப்படும்.

ஒன்று, நேர்கோட்டு வளர்ச்சி: பரவற்படி = ஃபை × சராசரி. சராசரி 10 மடங்கானால் பரவற்படியும் 10 மடங்கு. குவாசி-பாய்சான் இதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

மற்றொன்று, வர்க்க வளர்ச்சி: பரவற்படி = சராசரி + சராசரியின் வர்க்கம் ÷ தீட்டா. சராசரி சிறிதாக இருக்கும்போது பாய்சான் போலவே தெரியும், பெரிதாகும்போது எகிறும். எதிர்மறை ஈருறுப்புப் பரவலின் வழக்கமான வடிவம் இது. தீட்டா சிறிதாக இருந்தால் சிதறல் அதிகம். தீட்டா முடிவிலிக்குப் போனால் திரும்பவும் பாய்சான்.

உங்கள் தரவு எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு படம் போதும். பாய்சான் மாடல் சொன்ன சராசரியின்படி வரிகளை வரிசைப்படுத்தி 10 அல்லது 20 கட்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டிலும் சராசரி என்ன, மாடலிலிருந்து விலகியதன் வர்க்கச் சராசரி என்ன என்று கணக்கிட்டு, இரண்டு அச்சிலும் மடக்கை அளவுகோல் வைத்துப் புள்ளியிடுங்கள். புள்ளிகள் 45 பாகைக் கோட்டுக்கு இணையாக அதற்கு மேலே ஓடினால் நேர்கோட்டு வளர்ச்சி. வலப்பக்கம் போகப்போகக் கோட்டை விட்டு விலகி மேலேறினால் வர்க்க வளர்ச்சி.

படம் பார்த்து முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் காமரூனும் திரிவேதியும் 1990-இல் தந்த சோதனை இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் விலக்கத்தின் வர்க்கத்திலிருந்து எண்ணிக்கையைக் கழித்து, மாடல் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புதிய எண்ணைச் சராசரியின் மேல், வெட்டுத்துண்டு (மாறிலி உறுப்பு) இல்லாமல், சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷனாக ஓட்டுங்கள். வரும் கெழு 1 ÷ தீட்டாவின் மதிப்பீடு. சராசரிக்குப் பதிலாக வெறும் மாறிலியை வைத்தால் நேர்கோட்டு வடிவத்துக்கான சோதனை. பாய்சான் பொருத்தியபின் கூடுதலாக ஒரு சின்ன ரிக்ரஷன் மட்டும்தான், எனவே நேரம் என்று ஒன்றும் ஆகாது.

வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம்? முறைகள் ஒவ்வொரு வரிக்கும் தரும் எடை இதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. தீட்டா 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1 உள்ள வரிக்கு எதிர்மறை ஈருறுப்பு தரும் எடை 0.67. சராசரி 10 என்றால் 1.67, 100 என்றால் 1.96, 1000 என்றால் 1.996. எடை 2-ஐத் தாண்டவே தாண்டாது. குவாசி-பாய்சானிலோ சராசரி 1000 உள்ள வரி, சராசரி 1 உள்ள வரியைப் போல 1000 மடங்கு எடை பெறும். ஆக ஒரே தரவுக்கு இரண்டு முறைகளும் வேறு வேறு கெழு தருகின்றன என்றால், ஒன்று பெரிய எண்களின் பேச்சைக் கேட்கிறது, மற்றொன்று எல்லா வரிகளையும் ஏறக்குறைய சமமாகக் கேட்கிறது என்று அர்த்தம். இப்படி விலகல் வந்தால் நான் முதலில் மாடலின் சராசரிப் பகுதியைச் சந்தேகப்படுவேன். சராசரி சரியாக அமைந்திருந்தால், போதுமான தரவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வர வேண்டும்.

படி 4: முறைகள் ஒவ்வொன்றாக

குவாசி-பாய்சான். 1974-இல் வெடர்பர்ன் முன்வைத்த குவாசி-லைக்லிஹுட் கருத்தின் எளிய வடிவம். பாய்சான் மாடலையே ஓட்டி, கெழுக்களை அப்படியே வைத்துக்கொண்டு, திட்டப் பிழைகளை ஃபையின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். கூடுதல் செலவு ஒரே ஒரு கூட்டல். ஷெல் தரவில் மடக்கைச் சராசரியின் திட்டப் பிழை 0.058-லிருந்து 0.070 ஆகிறது. குறை என்ன? இதற்குப் பின்னால் முழுமையான நிகழ்தகவுப் பரவல் இல்லை. ஒருவருக்கு 3 விபத்துக்கு மேல் வர வாய்ப்பு எவ்வளவு என்று இதனிடம் கேட்க முடியாது. மாடல்களை ஒப்பிட உதவும் ஏஐசி மாதிரியான அளவுகோலும் நேரடியாகக் கிடையாது.

பாய்சான் கெழு, சாண்ட்விச் திட்டப் பிழை. பரவற்படியின் வடிவம் இன்னது என்று ஊகிக்கவே வேண்டாம் என்பது இதன் வசதி. ஒவ்வொரு வரியும் எவ்வளவு விலகியது என்பதிலிருந்தே திட்டப் பிழை கட்டப்படுகிறது. சராசரி சரியாக அமைந்திருந்தால் பாய்சான் கெழுக்கள் பெருந்தரவில் சரியான இடத்துக்கு வரும் என்பது நிறுவப்பட்ட விஷயம், பரவல் பாய்சானாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பொருளியல்காரர்கள் இதை அதிகம் நம்புவதற்குக் காரணம் இதுதான். ஒரே ஆள், ஒரே இடம் என்று வரிகள் கொத்துக்கொத்தாக இருந்தால் கொத்துவாரியாகவும் சாண்ட்விச் போடலாம். தரவு சிறிதாக இருக்கும்போதும் கொத்துகள் குறைவாக இருக்கும்போதும் இது திட்டப் பிழையைக் குறைத்துச் சொல்லும். சின்னத் தரவுக்கு எச்சி3 (HC3) போன்ற திருத்தம் உண்டு. கொத்து ஒரு டஜன்தான் என்றால் நான் இதை நம்பமாட்டேன்.

எதிர்மறை ஈருறுப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி விபத்து வேகம் உண்டு, அந்த வேகங்கள் காமா பரவலில் சிதறிக் கிடக்கின்றன என்று கிரீன்வுட்டும் யூலும் யோசித்தார்கள். பாய்சானையும் காமாவையும் இப்படிக் கலந்தால் கிடைப்பது எதிர்மறை ஈருறுப்பு. ஷெல் தரவில் சராசரி, பரவற்படி இரண்டையும் நேரே ஒப்பிட்டுத் தீட்டாவைக் கண்டுபிடித்தால் 0.95 வருகிறது. அதை வைத்து எத்தனை பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்:

| விபத்துகள் | கண்டது | பாய்சான் | எதிர்மறை ஈருறுப்பு |
|---|---|---|---|
| 0 | 447 | 406.3 | 442.9 |
| 1 | 132 | 189.0 | 138.5 |
| 2 | 42 | 44.0 | 44.4 |
| 3 | 21 | 6.8 | 14.3 |
| 4 | 3 | 0.8 | 4.6 |
| 5-உம் மேலும் | 2 | 0.1 | 2.3 |

மூன்றும் அதற்கு மேலும் விபத்துக்குள்ளானவர்கள் 26 பேர். பாய்சான் எதிர்பார்த்தது 8 பேரைக்கூட இல்லை. எதிர்மறை ஈருறுப்பு 21 என்கிறது. வால்பகுதி பற்றிய கேள்வி என்றால் குவாசி முறைகளை விட்டு இங்கே வர வேண்டும் என்பதற்கு இந்தக் கடைசி மூன்று வரிசைகளே போதும்.

இதன் வேகம் தீட்டாவை எப்படி மதிப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. வழக்கமான வழி, தீட்டாவை நிறுத்திவைத்துக் கெழுக்களைப் பொருத்து, பிறகு கெழுக்களை நிறுத்திவைத்துத் தீட்டாவைப் பொருத்து, இரண்டும் அசையாமல் நிற்கும்வரை மாறிமாறிச் செய்வது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முழுப் பொருத்தல் உண்டு என்பதால் பாய்சானைவிடச் சில மடங்கு நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: பாய்சான் சராசரிகளை வைத்துக்கொண்டு, பியர்சன் கூட்டல் சரியாக சுதந்திரப் பாகைக்கு (வரிகளின் எண்ணிக்கையிலிருந்து கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்து வருவது) சமமாகும்படி தீட்டாவை ஒரே முறை தீர்த்து, அந்தத் தீட்டாவோடு மாடலை ஒரு தடவை மட்டும் திரும்ப ஓட்டுவது. பெருந்தரவில் முழு முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே சிரமம்.

தரவில் மிகைச்சிதறல் இல்லாவிட்டால் தீட்டா முடிவிலியை நோக்கி ஓடும், மென்பொருள் எச்சரிக்கைகளைக் கொட்டும். பயப்பட வேண்டாம், பாய்சான் போதும் என்பதைத்தான் அது தன் பாணியில் சொல்கிறது. தீட்டாவுக்குப் பதில் அதன் தலைகீழை மதிப்பிடும் நிரல்களில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே எல்லை பூஜ்யம். அந்த எல்லையில் நின்று பாய்சானையும் எதிர்மறை ஈருறுப்பையும் லைக்லிஹுட் (கண்ட தரவுக்கு மாடல் தரும் நிகழ்தகவு) விகிதத்தால் ஒப்பிடும்போது வழக்கமான கை-வர்க்க பி-மதிப்பைப் பாதியாக்க வேண்டும்.

பாய்சான்-லாக்நார்மல். ஒவ்வொரு வரிக்கும் இயல்நிலைப் பரவலில் ஒரு தற்செயல் விளைவைச் சேர்ப்பது. இதன் பரவற்படியும் வர்க்கமாகத்தான் வளரும், எனவே படி 3-இல் வரைந்த படத்தில் எதிர்மறை ஈருறுப்பிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. வால் இதற்கு இன்னும் கனம். இதில் ஒரு தொகையீடு நேரடியாகத் தீராது, லாப்லாஸ் தோராயம் போன்ற ஒன்று தேவை. அதனால்தான் மெதுவாக ஓடுகிறது. வரிகள் கொத்தாக, அடுக்கடுக்காக இருந்தால் மட்டுமே இந்தச் செலவுக்குப் பலன் உண்டு என்பது என் கருத்து. அப்புறம் ஒரு விஷயம். இதன் வெட்டுத்துண்டை மற்ற முறைகளின் வெட்டுத்துண்டோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இங்கே சராசரி என்பது வெட்டுத்துண்டோடு தற்செயல் விளைவின் பரவற்படியில் பாதியைக் கூட்டி அடுக்கேற்றியது. இது தெரியாமல் இரண்டு முறைகளும் முரண்படுகின்றன என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கையோடு 1 கூட்டி மடக்கை எடுத்துச் சாதாரண ரிக்ரஷன். எல்லாவற்றிலும் வேகமானது இதுதான், அதனால் இன்னும் சாகாமல் இருக்கிறது. ஒரு குழுவில் 0, 0, 0, 0, 10. இன்னொன்றில் 2, 2, 2, 2, 2. இரண்டின் சராசரியும் 2. ஒன்று கூட்டி மடக்கை எடுத்தால் முதல் குழுவின் சராசரி 0.48, இரண்டாவதன் சராசரி 1.10. வித்தியாசத்தை அடுக்கேற்றினால் முதல் குழு இரண்டாவதில் 54 சதவீதம்தான் என்று வரும். சராசரிகள் சமமாக இருக்கும்போதே இந்தக் கதி. எண்கள் எல்லாம் பெரியவை, பூஜ்யமே இல்லை என்றால் சமாளிக்கலாம். மற்ற நேரங்களில் வேண்டாம்.

கான்வே-மாக்ஸ்வெல்-பாய்சான், பொதுமைப்படுத்திய பாய்சான் என்று வேறு சிலவும் உண்டு. பரவற்படி சராசரியைவிடக் குறைவாக இருக்கும் தரவையும் இவை கையாளும். முதலாவதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவிலித் தொடரைக் கூட்ட வேண்டியிருப்பதால் வேகப் பட்டியலில் அது வராது.

படி 5: பூஜ்யங்களைப் பார்த்து மிரளாதீர்கள்

பூஜ்யம் நிறைய இருந்தால் உடனே பூஜ்யம் மிகுந்த மாடலுக்கு, அதாவது சில பூஜ்யங்கள் தனி வழியில் பிறக்கின்றன என்று கொள்ளும் மாடலுக்கு, தாவும் பழக்கம் 1992-இல் லாம்பர்ட்டின் கட்டுரை வந்தபின் பரவியது. மேலே உள்ள அட்டவணையின் முதல் வரிசையைத் திரும்பப் பாருங்கள். பாய்சானோடு ஒப்பிட்டால் 41 பூஜ்யங்கள் கூடுதல். எதிர்மறை ஈருறுப்போடு ஒப்பிட்டால் 4. தனியாகப் பூஜ்யத்தைப் பிறப்பிக்கும் இயந்திரம் எதையும் மாடலில் சேர்க்காமலே கூடுதல் பூஜ்யம் தீர்ந்துவிட்டது. முதலில் எதிர்மறை ஈருறுப்பைப் பொருத்துங்கள். அதற்கும் மீறிப் பூஜ்யம் மிச்சமிருந்து, சிலருக்கு நிகழ்வு நடக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லக் காரணமும் இருந்தால் மட்டும் பூஜ்யம் மிகுந்த மாடலுக்குப் போங்கள்.

படி 6: தரவு மிகப் பெரிதாக இருந்தால்

மாறிகள் எல்லாம் வகைகளாகவே இருந்தால் கோடிக்கணக்கான வரிகளைச் சில ஆயிரம் கட்டங்களாகச் சுருக்கலாம். பாய்சான் கெழுக்கள் துளியும் மாறாது, கட்டத்தின் கூட்டலும் மொத்தக் கால அளவும் இருந்தால் போதும். ஆனால் இப்படிச் சுருக்கியபின் மென்பொருள் தரும் ஃபையை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. கட்டத்துக்குள் இருந்த சிதறல் சுருக்கும்போதே தொலைந்திருக்கும்.

அதைத் தொலைக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்களைச் சேமித்துவையுங்கள்: எண்ணிக்கைகளின் கூட்டல், கால அளவுகளின் கூட்டல், எண்ணிக்கையின் வர்க்கத்தை அந்த வரியின் கால அளவால் வகுத்து வருவதன் கூட்டல். அந்தக் கட்டத்துக்கு மாடல் சொன்ன வேகத்தால் மூன்றாவதை வகுத்து, முதலாவதன் இரு மடங்கைக் கழித்து, இரண்டாவதை வேகத்தால் பெருக்கிக் கூட்டினால் அந்தக் கட்டத்தின் பியர்சன் பங்கு அச்சுப் பிசகாமல் கிடைக்கும். படி 1-இல் 587, 301 என்று கையால் போட்ட கணக்கு இதன் ஒற்றைக் கட்ட வடிவம்தான். எல்லாக் கட்டங்களையும் கூட்டி, அசல் வரிகளின் எண்ணிக்கையிலிருந்து கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்து வகுங்கள். தரவை ஒரே தடவை படித்தால் போதும்.

ஒரே மாடலைப் பல்லாயிரம் தடவை ஓட்ட வேண்டிய நிலைமை வேறு வகை. மரபணு வெளிப்பாட்டுத் தரவு அப்படிப்பட்டது. ஒவ்வொரு மரபணுவுக்கும் சில மாதிரிகளே இருக்கும், தனித்தனியாகச் சிதறலை மதிப்பிட்டால் கண்டபடி ஆடும். அங்கே எட்ஜ்-ஆர், டிஈசெக்2 போன்ற தொகுப்புகள் எல்லா மரபணுக்களின் சிதறலையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் பொதுப்போக்கை நோக்கி இழுக்கின்றன. 2014-இல் வந்த வூம் என்ற முறை இன்னொரு பாதையில் போனது. எண்ணிக்கைகளை மடக்கையாக்கி, சராசரிக்கும் பரவற்படிக்கும் உள்ள உறவிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் எடை கணக்கிட்டு, நேர்கோட்டு மாடலையே ஓட்டுகிறது. மடக்கையை நான் மேலே திட்டினேன்தான். எடையோடு வரும்போது கதை மாறுகிறது.

படி 7: ஒப்பீட்டை நடத்துவது

உங்கள் தரவின் மாறிகளை அப்படியே வைத்துக்கொண்டு, எண்ணிக்கைகளை மட்டும் நீங்களே உருவாக்குங்கள். ஒரே ஒரு பரவலிலிருந்து உருவாக்கினால் அந்தப் பரவலுக்கான முறை ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை. எதிர்மறை ஈருறுப்பு, பாய்சான்-லாக்நார்மல், நேர்கோட்டுப் பரவற்படி கொண்ட ஒன்று என மூன்றிலிருந்தும் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 1000 தடவை எல்லா முறைகளையும் ஓட்டி, 95 சதவீத இடைவெளி உண்மையான கெழுவை எத்தனை தடவை உள்ளடக்கியது என்று எண்ணுங்கள். 1000 தடவைக்கு அந்த விகிதத்தின் திட்டப் பிழையே 0.7 சதவீதப் புள்ளி. எனவே 94 வந்த முறையும் 95.5 வந்த முறையும் ஒன்றுதான். 88 வந்தால் அந்த முறைக்குக் கோளாறு.

நேரத்தை அளக்கும்போது முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், நிரல் ஏறும் நேரமும் அதில் கலந்திருக்கும். பல ஓட்டங்களின் இடைநிலையை எடுங்கள். பொருந்தாமல் நின்றுபோன ஓட்டங்களை எண்ணி, தனியாக எழுதிவையுங்கள். வேகமான முறை என்று பெயர் வாங்கிய சில, கஷ்டமான தரவில் பாதியில் நின்றுவிடுவதால்தான் வேகமாகத் தெரிகின்றன.

கணிப்புதான் நோக்கம் என்றால், ஒதுக்கிவைத்த தரவில் ஒவ்வொரு முறையும் நிஜமாக வந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு நிகழ்தகவு தந்தது என்று பார்த்து அதன் மடக்கைகளைக் கூட்டி ஒப்பிடுங்கள். சராசரிப் பிழையின் வர்க்கத்தை மட்டும் பார்த்தால் பாய்சானும் எதிர்மறை ஈருறுப்பும் ஒரே மாதிரிதான் தெரியும்.

படி 8: மென்பொருளில் கால் இடறும் இடங்கள்

ஆர் மொழியில் மாஸ் தொகுப்பு தருவது தீட்டா. பைத்தானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தருவது அதன் தலைகீழான ஆல்ஃபா. ஒன்றில் 0.5 என்று வருவது மற்றொன்றில் 2. இரண்டு மென்பொருளில் ஓட்டி எண்கள் ஒத்துவரவில்லை என்று புலம்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அதே ஸ்டாட்ஸ்மாடல்ஸில் பொதுமைப்படுத்திய நேர்கோட்டு மாடலுக்கு எதிர்மறை ஈருறுப்புக் குடும்பத்தைக் கொடுத்தால், அது ஆல்ஃபாவை மதிப்பிடுவதே இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் 1 என்று வைத்துக்கொண்டு ஓடும். ஷெல் தரவில் 1 ÷ 0.95 என்பது 1-க்குப் பக்கத்தில் இருப்பதால் தப்பித்துவிடலாம், உங்கள் தரவில் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. ஆல்ஃபாவைத் தரவிலிருந்து மதிப்பிடத் தனியாக வேறொரு எதிர்மறை ஈருறுப்பு மாடல் அதே தொகுப்பில் இருக்கிறது.

சைகிட்-லேர்னின் பாய்சான் ரிக்ரஷனிலும் ஆல்ஃபா என்று ஒன்று உண்டு, அதன் இயல்பு மதிப்பும் 1. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. இது கெழுக்களைப் பூஜ்யத்தை நோக்கிச் சுருக்கும் தண்டனையின் அளவு. 0 என்று மாற்றாமல் ஓட்டிவிட்டு மற்ற முறைகளோடு கெழுக்களை ஒப்பிட்டால், சுருங்கியதைச் சிதறலின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.